சொந்தக் காசில் அச்சான சரித்திரம்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுநாளையொட்டிச் சேலத்தில் நிகழ்த்திய நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் மறைந்தது 1914 மே 5. அவரைப் பற்றிப் பேச எத்தனையோ பொருள் உண்டு. அவருடைய பௌத்தத்தைப் பேசலாம், மொழி ஆராய்ச்சியைப் பேசலாம். நான் இன்றைக்கு அவருடைய அச்சகத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரு தங்கை கேட்ட கேள்வி.

போன மாதம் ஒரு கல்லூரிக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, ஒரு மாணவி நோட்டுப் புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தார். அறுபது கவிதைகள் இருந்தன. அம்மா விசைத்தறிக்குப் போய்வருவது, குடிதண்ணீர்க் குழாயடி, விடுதிச் சோறு. நன்றாக இருந்தன. புத்தகமாகப் போடலாமே என்றேன். உடனே முகம் வாடிவிட்டது. "ரெண்டு பதிப்பகத்துக்கு அனுப்பிச்சேங்க அண்ணா. ஒரு எடத்துல பதிலே வரல. இன்னொரு எடத்துல பணம் கட்டுனா போடறோம்னாங்க. சொந்தக் காசுல போட்டா அதைப் பொஸ்தகம்னே மதிக்க மாட்டாங்களாமே, நெசமாங்களா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் ஏதோ சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டேன். சரியான பதிலை இப்போது சொல்லப் பார்க்கிறேன். ஏனென்றால் அது அந்தத் தங்கையின் கேள்வி மட்டும் அல்ல. என் முதல் தொகுப்புக்கும் நான் பணம் கட்டினேன். முந்நூறு பிரதி தந்தார்கள். கட்டிலுக்கு அடியில் இரண்டு பெட்டி இன்னும் இருக்கிறது. அதைப் பல காலம் வெளியே சொல்ல வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது என்று தேடப்போனபோது கிடைத்த சரித்திரம்தான் இந்த உரை.

1. பத்து ரூபாய்ப் பத்திரிகை

தாழ்த்தப்பட்டவர்கள் அச்சுக்கு வந்தது அம்பேத்கர் நூற்றாண்டையொட்டித்தான் என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. 1869இல் 'சூரியோதயம்', அதன்பின் 'பஞ்சமன்', 1885இல் 'திராவிட பாண்டியன்' என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே நம்மவர் இதழ்கள் வரிசையாக வந்திருக்கின்றன. ஆய்வாளர் ஜெ. பாலசுப்பிரமணியம் 1869 முதல் 1943 வரையிலான இந்த இதழ்களைத் தேடித் தனி நூலாகவே எழுதியிருக்கிறார். இதழைத் தொடங்கியவர்கள் யாரும் ஒரு பதிப்பாளர் அழைப்பார் என்று காத்திருக்கவில்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அந்தக் கணக்கை அவரே தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் எழுதி வைத்திருக்கிறார். அது 1939இல் வந்த சிறு நூல். முதல் இதழுக்கு விளம்பரம், அச்சுக்கூலி எல்லாம் சேர்த்து ஆன செலவு பத்து ரூபாய். நான்கு பக்கம், விலை இரண்டணா. சென்னையில் இரண்டே நாளில் சுமார் நானூறு பிரதி விற்றுப்போனது. மாத இதழ் மூன்று மாதத்தில் வார இதழாயிற்று. இரண்டு வருஷத்தில் சொந்த அச்சுக்கூடம் வந்துவிட்டது. ஏழு ஆண்டுகள் நடந்தது.

எந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் இழிவுபடுத்தினார்களோ, அதே பெயரை இதழின் தலைப்பில் போட்டார். வேறொருவருடைய அச்சுக்கூடத்தின் தயவில், வேறொருவர் ஆசிரியராக இருந்து, அந்தத் தலைப்பு வந்திருக்குமா? யோசித்துப் பாருங்கள். சொந்தக் காசு என்பது அங்கே வசதிக் குறைவின் அடையாளமாக இல்லை. தலைப்பு வைக்கும் உரிமையின் விலையாக இருந்தது. அந்த உரிமைக்கு இன்னொரு விலையும் கொடுத்தார். இதழில் வந்த ஒரு கடிதத்துக்காக 1896இல் வழக்குப் போட்டு அவருக்கு நூறு ரூபாய் அபராதம் விதித்தார்கள். முதல் இதழின் செலவைப்போல் பத்து மடங்கு.

2. காலணாவுக்கு ஒரு 'தமிழன்'

1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. நான்கு பக்க வார இதழ். ஒரு பைசா என்றால் அந்தக் கணக்கில் காலணா. 'பறையன்' விலையில் எட்டில் ஒரு பங்கு. கூலி வேலை செய்கிறவர் வாங்க வேண்டும் என்று முடிவுசெய்து வைத்த விலை அது. விலையையே பெயரில் வைத்தார் பண்டிதர். ஓராண்டு கழித்து, வாசகர்கள் கேட்டுக்கொண்டபடி 'ஒரு பைசா' போய் 'தமிழன்' ஆனது. இதழின் பெயரை வாசகர்கள் மாற்றச் சொல்கிறார்கள், ஆசிரியர் மாற்றுகிறார். இந்த உறவைக் கவனியுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

பண்டிதர் சாகும்வரை ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் அந்த இதழ் நடந்தது. பின்னால் நூல்களாக வந்தவற்றில் பெரும்பகுதி, 'இந்திரர் தேச சரித்திரம்' உட்பட, வாராவாரம் அதில் எழுதப்பட்டவைதான். கௌதமா அச்சுக்கூடம் என்று சொந்த அச்சுக்கூடமும் இருந்தது. இதழைத் தாங்கியவர்கள் யார்? கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள், ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த நம் மக்கள், திருப்பத்தூர் போன்ற ஊர்களின் பௌத்த சங்கத்தார். தங்கவயலுக்குப் பிழைக்கப் போனவர்களில் வடாற்காட்டுக்காரர்களோடு அன்றைய சேலம் ஜில்லாக்காரர்களும் உண்டு. இன்றைக்கு நாமக்கல் தனி மாவட்டம், கிருஷ்ணகிரி தனி, தருமபுரி தனி. அன்றைக்கு இவை எல்லாம் ஒரே சேலம் ஜில்லா. திருப்பத்தூர் தாலுகாகூட 1911 வரை சேலம் ஜில்லாவில்தான் இருந்தது. ஆகவே 'தமிழன்' ஏதோ சென்னைக்காரர்கள் விவகாரம் என்று நாம் ஒதுங்கி நிற்க முடியாது. அந்தக் காலணாவில் நம் பாட்டன்மார் காசும் இருந்தது.

3. லாகூரில் நின்றுபோன உரை, ஈரோட்டில் வந்த தமிழ்

இந்தப் பாதையில் பாபாசாகேபும் நடந்தார். 1920 ஜனவரி 31இல் அவர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியபோது, பணம் கட்டி விளம்பரம் போடுகிறோம் என்று சொல்லியும் 'கேசரி' பத்திரிகை அந்த விளம்பரத்தை ஏற்க மறுத்தது. இதழுக்குக் கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் உதவினார். பணம் இருந்தாலும் பிறர் பக்கத்தில் நமக்கு இடம் கிடைக்காது என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

1936இல் லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல், ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்க அவரை அழைத்தது. எழுதிய உரையைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டது. சில பகுதிகளை எடுத்துவிடுங்கள் என்றார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றுவதில்லை என்று பாபாசாகேப் உறுதியாக நின்றார். மாநாட்டையே நிறுத்தினார்கள். உரையோ அச்சாகிவிட்டது. அவர் அதைத் தாமே விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1,500 பிரதி, விலை எட்டணா. இரண்டு மாதத்தில் தீர்ந்துபோனது. 'சாதி ஒழிப்பு' என்று நாம் தலையில் வைத்துக் கொண்டாடும் நூல், ஆசிரியர் தாமே வெளியிட்ட நூல்.

அதற்கு மதிப்புரை எழுதிய காந்தி, விலை எட்டணா அதிகம், இரண்டணா அல்லது நாலணா வைத்திருக்கலாம் என்று குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் அந்த விமர்சனத்தையும் தம் பதிலையும் பாபாசாகேப் சேர்த்தே அச்சிட்டார். எதிராளியின் சொல்லையும் தம் புத்தகத்துக்குள்ளேயே வைத்துப் பதில் சொல்லும் துணிச்சல், புத்தகம் தம் கையில் இருந்ததால் வந்தது.

இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. அந்த நூல் முதலில் போய்ச் சேர்ந்த மொழிகள் இரண்டு என்கிறார். ஒன்று குஜராத்தி, மற்றது தமிழ். அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது? ஈரோட்டிலிருந்து. 'குடிஅரசு' இதழில் தொடராக வந்து, பிறகு 'சாதியை ஒழிக்கும் வழி' என்று நூலானது. நம் பள்ளிபாளையம் பாலத்தில் ஏறி இறங்கினால் ஈரோடு. காவிரிக்கு இந்தக் கரையில் இருக்கும் நாம், அந்தச் செய்தியைப் பள்ளிக்கூடத்தில் படித்தோமா? 'குடிஅரசு'ம் பெரியார் 1925இல் தாமே தொடங்கிய இதழ்தான். சொந்தமாக வந்த ஒரு நூலை, சொந்தமாக நடந்த ஓர் இதழ் தமிழுக்குக் கொண்டுவந்தது.

பாபாசாகேபின் கடைசிக் காலத்துச் செய்தி மனத்தைக் கஷ்டப்படுத்தும். 1956 செப்டம்பரில் அவர் பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'புத்தரும் அவர் தம்மமும்' அச்சிடச் செலவு அதிகம், அரசு ஐந்நூறு பிரதி வாங்கிக்கொண்டால் உதவியாக இருக்கும் என்று கேட்டார். புத்த ஜெயந்திக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. டிசம்பர் 6 அவர் மறைந்தார். நூல் 1957இல், அவர் உருவாக்கிய சித்தார்த்தா கல்லூரியின் வெளியீடாக வந்தது. அரசியல் சட்டத்தை வரைந்தவரே ஐந்நூறு பிரதிக்கு முன்கூட்டி ஆள் தேட வேண்டியிருந்தது. நமக்கு என்ன வெட்கம்?

4. மற்றவர்களும் அப்படித்தான்

நம்மவர் கதி இது, மற்றவர்களுக்கெல்லாம் பதிப்பாளர் தேடி வந்தார் என்று நினைக்க வேண்டாம். உ.வே. சாமிநாதையர் 1887இல் 'சீவக சிந்தாமணி'யை வெளியிட்டபோது, கையொப்பக்காரர் என்று முன்பணம் தருகிறவர்களைத் தேடித்தேடிச் சேர்த்தார். பாரதி 1908இல் பாட்டுப் புத்தகத்தைத் தாமே வெளியிட்டார். கடைசிக் காலத்தில் தம் எழுத்து முழுவதையும் வரிசையாக அச்சிட நண்பர்களிடம் பணம் திரட்டப் பார்த்தார், நடக்கவில்லை. பகடால நரசிம்மலு நாயுடு இதே சேலத்திலும் கோயம்புத்தூரிலும் தாமே பத்திரிகை நடத்தினார், தம் நூல்களைத் தாமே அச்சிட்டார்.

இவர்களை யாராவது 'சொந்தக் காசில் போட்டவர்' என்று இளக்காரமாகச் சொல்கிறோமா? இல்லை. பணம் யாருடையது என்ற கேள்வி சிலரைப் பார்த்து மட்டும்தான் எழுகிறது. ஒரு வித்தியாசத்தையும் மறைக்கக் கூடாது. அன்றைக்குக் கையொப்பம் போடச் சிலருக்கு மடங்களும் ஜமீன்களும் இருந்தன. நமக்கு இருந்தது சுரங்கத் தொழிலாளியின் காலணா.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவாவைப் பாருங்கள். கஸ்தூரியார் வீதியில் சலூன் நடத்திய குடும்பத்தில் பிறந்தவர். தானும் முடிவெட்டியவர், அதைப் பெருமையாகச் சொன்னவர். 1966 ஆகஸ்டில் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். இதழ்க் கட்டைச் சுமந்துபோய், தெருத்தெருவாகத் தாமே விற்றார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த இதழ் வந்தது. ஈழத்து எழுத்தாளர் பலர் அதில் வளர்ந்தார்கள். மல்லிகைப் பந்தல் என்று பதிப்பகமும் நடத்தினார். சொந்தமாகத் தொடங்கியவர் பிறருக்குப் பதிப்பாளரானார் என்பதை மறக்க வேண்டாம்.

5. அப்படியானால் பதிப்பகம் வேண்டாமா?

இங்கே நான் நிறுத்திவிட்டால் உங்களுக்குப் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். பதிப்பகம் பணம் போடும் இடம் மட்டும் இல்லை. ஒரு நல்ல பதிப்பகம் நான்கு வேலை செய்கிறது. எழுத்தைப் படித்துத் திருத்துகிறது. கடைக்கும் நூலகத்துக்கும் கொண்டுபோகிறது. அடி விழும்போது கூட நிற்கிறது. பிரதி தீர்ந்தபின் மறுபடி அச்சிடுகிறது.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. கொண்டுவந்தது ஒரு பெரிய இலக்கியப் பதிப்பகம் அல்ல, மதுரையில் இயேசு சபையார் நடத்திய ஒரு சமூக ஆய்வு மையம். நூல் வந்ததும் சொந்த ஊரிலேயே எதிர்ப்பு, பல மாதம் ஊருக்குள் போக முடியவில்லை என்று பாமா பலமுறை சொல்லியிருக்கிறார். 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்து, உலகப் பல்கலைக்கழகங்களில் பாடமானது. ஓர் அமைப்பு அச்சிட்டது, பெரிய நிறுவனம் உலகத்துக்குக் கொண்டுபோனது. இரண்டும் தேவைப்பட்டன.

நம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2010இல் வந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்து 2014 கடைசியில் திருச்செங்கோட்டில் நூல் எரிப்பும் அதையடுத்துக் கடையடைப்பும் நடந்தன. 2015 ஜனவரி 12இல் நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தை என்ற பெயரில் அவரிடம் மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அறிவித்து, தம் நூல்களை விற்க வேண்டாம், நஷ்டத்தைத் தருகிறேன் என்று பதிப்பாளர்களைக் கேட்டுக்கொண்டார். ஆனால் பதிப்பகமும் எழுத்தாளர் அமைப்பும் நாடு முழுக்க வாசகர்களும் அவர் பக்கம் நின்றார்கள். 2016 ஜூலை 5இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர் எழுதும் உரிமையை நிலைநாட்டியது.

அதே காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை. குணா என்ற தலித் எழுத்தாளர் 'ஊரார் வரைந்த ஓவியம்' என்ற சிறு நூலை எழுதினார். ஊரே சேர்ந்து அவர் குடும்பத்தை ஒதுக்கிவைத்தது. அந்தப் பெயரை இந்த அரங்கில் எத்தனைபேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? பெருமாள்முருகனுக்குக் கிடைத்த ஆதரவைக் குறைசொல்லவில்லை, அது நியாயமான ஆதரவு. அதில் ஒரு பங்காவது இவருக்குக் கிடைத்ததா என்றுதான் கேட்கிறேன். தனியாளாகப் புத்தகம் போடுகிறவர் தனியாளாகவே அடிபட வேண்டி வரும். எழுதுகிற ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துகொண்டுதான் இறங்க வேண்டும்.

6. காணாமல்போன பக்கங்கள்

இன்னொரு நஷ்டம் இதைவிடப் பெரியது. முதலில் சொன்னேனே, 'சூரியோதயம்', 'பஞ்சமன்' என்று. அந்தக் காலத்து நம் இதழ்கள் பலவற்றின் ஒரு பிரதிகூட இன்று கிடைப்பதில்லை. பிறர் எழுதியதில் வரும் பெயராக மட்டுமே அவற்றைத் தெரிந்துகொள்கிறோம். தைரியமாக அச்சிட்டார்கள், விற்றார்கள், மக்கள் படித்தார்கள். சேர்த்துவைக்க இடம் இல்லை. ஓலைக் குடிசையில் பத்திரிகைக் கட்டு எத்தனை மழைக்குத் தாங்கும்?

'தமிழன்' எப்படித் தப்பியது? அன்பு பொன்னோவியம் போன்ற சில பெரியவர்கள் பழைய பிரதிகளைப் பொக்கிஷமாக வைத்திருந்தார்கள். தங்கவயல் பௌத்தர்கள் பண்டிதர் நூல்களைத் திரும்பத் திரும்ப அச்சிட்டார்கள். அதனால்தான் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வெளியீடாக வர முடிந்தது. பண்டிதர் இறந்து 85 ஆண்டு கழித்து. அதன்பிறகுதான் பல்கலைக்கழகம் அவரைப் பேசத் தொடங்கியது. அந்த நாலைந்து வீட்டு அலமாரிகள் இல்லையென்றால் இன்றைக்கு இந்த நினைவுச் சொற்பொழிவும் இல்லை.

7. தங்கைக்கு என் பதில்

சொந்தக் காசில் போட்டால் அது புத்தகம்தானா என்று கேட்டாய். புத்தகம்தான் அம்மா. நம் சரித்திரத்தின் அஸ்திவாரக் கல் அப்படித்தான் போடப்பட்டது. ஆனால் பண்டிதருக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர் காசு போட்டார், கூடவே படிக்கிறவர்களையும் திரட்டினார். நாம் காசை மட்டும் போட்டுவிட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறோம். வெட்கப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

ஆகவே சில காரியங்களைச் சொல்கிறேன். இவை பெரிய திட்டங்கள் இல்லை, செய்யக்கூடியவை.

பணம் கேட்கும் இடத்தில், அந்தப் பணத்துக்கு என்ன தருகிறார்கள் என்று கேளுங்கள். எத்தனை பிரதி, உரிமை யாருக்கு, கடைக்கு எவ்வளவு கழிவு, மறுபதிப்பு உண்டா, எல்லாம் எழுத்தில் வேண்டும். ஆசிரியர் பணத்தில் அச்சிட்டு, ஆசிரியர் உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்வது பதிப்பு ஆகாது. வெறும் அச்சுக்கூலிதான் என்றால் உள்ளூர் அச்சகத்திலேயே கொடுத்துவிடலாம். இன்றைக்கு ஐம்பது, நூறு பிரதிகூட அச்சிடலாம், ஆயிரம் அடித்துக் கடனாளி ஆக வேண்டியதில்லை.

அச்சுக்குப் போகுமுன் நாலுபேர் படிக்க வேண்டும். நம் அமைப்பு மாதம் ஒருமுறை கூடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு கையெழுத்துப் பிரதியை எடுத்து வரிவரியாகப் பேசுவோம். நம் பிள்ளை எழுதியது என்பதற்காகப் பாராட்டி அனுப்பிவிடுவது அன்பு இல்லை. பிழையோடு அச்சேற விடுவது நாம் செய்யும் துரோகம்.

கையொப்பக்காரர் முறையைத் திருப்பிக் கொண்டுவருவோம். புத்தகம் வருமுன்னே நூறுபேர் முன்பணம் தரட்டும். ஆசிரியர், செவிலியர், லாரி ஓட்டுநர், தறிக்காரர், தூய்மைப் பணியாளர் என்று நம்மிடம் நூறுபேர் இல்லையா? அவர்கள் பெயரைப் புத்தகத்தின் பின்பக்கம் அச்சிடுவோம். ஆதிதிராவிடர் நலத்துறை, நம் எழுத்தாளர்களின் படைப்பை வெளியிட நிதி உதவி தருகிறது. அதற்கு விண்ணப்பிக்கவும் கூச்சப்பட வேண்டாம், அது யாருடைய தருமமும் இல்லை.

கடைசியாக, பாதுகாப்பு. நூல் ஒப்படைப்புக்கென்று 1954இலேயே ஒரு சட்டம் வந்திருக்கிறது. அதன்படி அச்சான நூலின் பிரதிகளைக் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்கு அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிடுகிறவரும் அந்தச் சட்டத்தின்முன் பதிப்பாளர்தான். அனுப்புங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு ஒன்று அனுப்புங்கள். ஒரு பிரதி இந்த அமைப்பின் அலமாரிக்கு வரட்டும். ஐந்து பிரதிக்கான தபால் செலவுதான். அந்தச் செலவைச் செய்ய ஆளில்லாமல்தான் 'சூரியோதயம்' போன்ற இதழ்களை இழந்தோம்.

முதல் வேலையை நானே தொடங்குகிறேன். என் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளில் ஒன்றை இன்றைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வாசல் மேசையில் இருக்கிறது. வேண்டுமென்கிறவர்கள் எடுத்துக்கொண்டு, மனத்துக்குப் பட்ட தொகையை உண்டியலில் போடுங்கள். சேருகிற தொகை அந்தத் தங்கையின் அறுபது கவிதைகளுக்கு முதல் கையொப்பம்.